ரிவர்ட் பண்ணச் சொன்னார், பண்ணிவிட்டேன். தப்பு யார் மேல்?

காரிமங்கலத்துக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாள் சும்மா படித்துக்கொண்டிருந்தவன், எழுதுவது இதுதான் முதல் தடவை. காரிமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம், வீட்டிலிருந்தே வேலை. பெங்களூரில் ஒரு சின்ன கம்பெனி, பெயர் வேண்டாம். சேர்ந்து பதினாலு மாதம் ஆகிறது.

போன வெள்ளிக்கிழமை நடந்த விஷயம் இது. ஒரு மொத்தக் கடைக்கு நாங்கள் செய்து கொடுத்த பில்லிங் சாப்ட்வேரில், தள்ளுபடி கணக்குப் போடும் இடத்தை நான் மாற்றி எழுதியிருந்தேன். முன்பு ஜிஎஸ்டி போட்டுவிட்டுத் தள்ளுபடியைக் கழித்துக்கொண்டிருந்தது, அதை முதலில் தள்ளுபடி, அப்புறம் வரி என்று மாற்றினேன். வியாழக்கிழமையே ரிவ்யூ முடிந்து மெயின் பிராஞ்சில், அதாவது எல்லோருக்கும் பொதுவான மூலக் கோடில், சேர்ந்தாயிற்று. வெள்ளி சாயந்திரம் ஐந்தே முக்காலுக்கு அந்த கமிட்டுக்கு (பதிந்து வைத்த மாற்றத்துக்கு) நேர் கீழே மேனேஜர் ஒரு கமென்ட் போட்டார். அப்படியே தருகிறேன்: "கிளையன்ட் ஹேஸ் சம் கொஸ்டின்ஸ் ஆன் திஸ். ப்ளீஸ் ரிவர்ட் பை ஈஓடி."

கிளையன்ட்டுக்கு ஏதோ கேள்வி இருக்கிறது, அதனால் இப்போதைக்கு, ஈஓடிக்குள், அதாவது நாள் முடிவதற்குள், இந்த மாற்றத்தைத் திருப்பி எடுத்துவிடு என்றுதான் எனக்குப் புரிந்தது. கமிட்டுக்குக் கீழேயே ரிவர்ட் என்று இருந்தால் வேறு எப்படித்தான் எடுத்துக்கொள்வது? கோடு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் ரிவர்ட் கட்டளை அடித்தேன், டெஸ்ட் எல்லாம் பச்சை, புஷ் பண்ணி மெயின் பிராஞ்சில் ஏற்றினேன், கமென்ட்டில் "டன்" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். அவர் அந்த "டன்"னைப் பார்த்து, கிளையன்ட்டின் கேள்விக்கு நான் பதில் எழுதிவிட்டேன் என்று நினைத்து நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறார்.

சனிக்கிழமை கடை திறந்ததும் பழைய கணக்கு ஓடியது. மத்தியானத்துக்குள் 63 பில். யாரோ ஒரு கஸ்டமர் போனிலேயே கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் கடைக்காரருக்கே தெரிந்ததாம். திங்கட்கிழமை மேனேஜரிடமிருந்து போன் வந்தது. "பதில் எழுதத்தானே சொன்னேன், கோடைத் தூக்கச் சொன்னது யார்?" என்றார். அப்புறம் குரூப்பில், பெயர் போடாமல், "எல்லோரும் மெசேஜைச் சரியாகப் படிக்கவும்" என்று ஒரு வரி. பெயர் போடாவிட்டாலும் யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

என் மேல்தான் தப்பா? இன்னொன்றும் கேட்க வேண்டும், அதுதான் உண்மையில் உறுத்துகிறது. அவர் எழுதி அனுப்பியதைப் பார்த்ததும் ஒரு நொடி எனக்கே சந்தேகம் வந்தது, கேட்கலாமா என்று. கேட்கவில்லை. நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். "ரிவர்ட் என்றால் என்ன சார்?" என்று கேட்டால், இவனுக்கு இங்கிலீஷும் தெரியாது, கிட்டும் தெரியாது என்று நினைத்துவிடுவார்களோ என்று விட்டுவிட்டேன். நீங்கள் எல்லாம் எப்படிக் கேட்பீர்கள்?


தகடூர்_29:

தம்பி, முதலில் கையில் இருக்கிற வேலை. ரிவர்ட் பண்ணினதால் எதுவும் அழிந்து போகவில்லை. கிட் ரிவர்ட் பழைய கமிட்டை அழிப்பதில்லை, அதற்கு நேர் எதிரான இன்னொரு கமிட்டைப் போடும், அவ்வளவுதான். அந்த ரிவர்ட்டையே ஒரு தடவை ரிவர்ட் பண்ணினால் உன் மாற்றம் திரும்ப வந்துவிடும். இந்நேரம் பண்ணியிருப்பாய் என்று நினைக்கிறேன்.

இப்போது பஞ்சாயத்து. நம் ஊர் ஆபீஸ் இங்கிலீஷில் ரிவர்ட் என்றால் பதில் போடு. சிங்கப்பூர், மலேசியாவிலும் அப்படித்தான் எழுதுவார்கள். அமெரிக்காக்காரனிடம் "ப்ளீஸ் ரிவர்ட்" என்று மெயில் போட்டால் எந்த நிலைக்குத் திரும்பிப் போவது என்று முழிப்பான். அங்கே அந்தச் சொல்லுக்குப் பழையபடி ஆவது என்பதுதான் பொருள், கிட் எடுத்துக்கொண்டதும் அதைத்தான். உன் மேனேஜர் இதையே மெயிலில் எழுதியிருந்தால் நீயும் பதில்தான் போட்டிருப்பாய். கமிட்டுக்குக் கீழே எழுதினார் பார், அங்கேதான் கெட்டது. என்னைக் கேட்டால் அவர் மேல் அறுபது, உன் மேல் நாற்பது. அந்த நாற்பதும் "டன்" என்று ஒற்றைச் சொல்லோடு விட்டதற்கு. "கமிட்டைத் திருப்பி எடுத்துவிட்டேன், ஏழு மணி டிப்ளாயில் பழைய கணக்கு கடைக்குப் போய்விடும்" என்று எழுதியிருந்தால் அவர் கார் சாவியை எடுப்பதற்கு முன்னாலேயே அலறியிருப்பார்.

ஈஓடி பற்றி யாரும் பேசவில்லையே? யாருடைய நாள் முடிவு? எங்கள் டீமில் பாதிப் பேர் அமெரிக்காவில். அவர்கள் நாள் முடியும்போது எனக்கு மறுநாள் காலை இட்லி வெந்துகொண்டிருக்கும்.


நேர்பேச்சு:

கொஞ்சம் கடுப்பாக இருக்கும், மன்னிக்கவும். இது எல்லாமே ஆங்கிலம் சரியாகத் தெரியாததால் வருகிற பிரச்சினை. மேனேஜருக்கும் தெரியவில்லை, தம்பிக்கும் தெரியவில்லை. புரோகிராமிங் கற்றுக்கொள்ளச் செலவழிக்கிற நேரத்தில் கால்வாசியை ஒழுங்காக ஆங்கிலம் கற்றுக்கொள்ளச் செலவழித்தால் இந்தத் திரியே வந்திருக்காது.


ஓசூர்_பழைய_கை:

நேர்பேச்சு சார், ஆங்கிலம் சரியாகத் தெரிந்தவனிடமே நான் மாட்டியிருக்கிறேன், கேளுங்கள்.

2009. ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு சின்ன ஆட்டோமேஷன் கடையில் இருந்தேன். அப்போது எங்களிடம் கிட் கிடையாது, அதே வேலைக்கு சப்வெர்ஷன் (எஸ்விஎன்) என்ற இன்னொரு கருவிதான். ஏற்கெனவே கமிட் பண்ணிவிட்ட ஒரு மாற்றம் தப்பு என்று தெரிந்தது, எப்படித் திரும்ப எடுப்பது என்று நெட்டில் கேட்டேன். இங்கிலாந்துக்காரர் ஒருவர், தாய்மொழியே ஆங்கிலம், அன்பாகத்தான் பதில் சொன்னார்: "ஜஸ்ட் ரிவர்ட் இட்." சரி என்று ஃபோல்டர் முழுவதுக்கும் எஸ்விஎன் ரிவர்ட் அடித்தேன். சப்வெர்ஷனில் அந்தக் கட்டளை வேறு ஜாதி. கமிட் ஆனதை அது தொடவே தொடாது. நீங்கள் இன்னும் கமிட் பண்ணாமல் கையில் வைத்திருக்கும் மாற்றத்தை எல்லாம் துடைத்துவிடும், மீட்க வழி கிடையாது. இரண்டு நாள் வேலை, ஒரு கன்வேயர் மோட்டாரின் டைமிங் முழுக்க அதில் இருந்தது, கண்ணெதிரே போயிற்று. தப்பான கமிட் மட்டும் கல்லு மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தது. அதை எடுக்க எதிர்த்திசையில் மெர்ஜ் பண்ண வேண்டுமாம், பிறகுதான் படித்தேன்.

அவர் சொன்னது சரியான ஆங்கிலம். நான் அடித்தது சரியான கட்டளை. நடுவில் இருந்த ஒரு சொல் இரண்டு பேருக்கும் இரண்டு விதம். அன்றைக்குச் சாயந்திரம் ஓனரிடம் கரண்ட் போய்விட்டது, சேவ் ஆகவில்லை என்று பொய் சொன்னேன். 2009இல் அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.


மாங்கூழ்_அக்கா:

நான் கிருஷ்ணகிரி. மாம்பழக் கூழ் ஃபேக்டரிகளுக்குச் சின்னச் சின்ன சாப்ட்வேர் செய்து தருகிறேன். லாரி வரவு, எடை, கூலி, விவசாயி பாக்கி, இந்த மாதிரி. தம்பி எழுதினதைப் படித்ததும் என் "வரை" கதை ஞாபகம் வந்துவிட்டது.

மே முதல் ஜூலை முடிய எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. கேட்டுக்கு வெளியே லாரி வரிசை நிற்கும், பெங்களூரா மாம்பழ லோடு ராத்திரி பகல் பார்க்காமல் வரும். ஒரு ஃபேக்டரி கணக்குப்பிள்ளை, எனக்கு அப்பா வயது, "அம்மா, ஜூன் ஒண்ணு முதல் முப்பது வரை எத்தனை டன் வந்தது என்று ஒரு ரிப்போர்ட் போட்டுக் கொடு" என்றார். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான், டேட்டாபேஸிடம் கேட்கிற எஸ்க்யூஎல் மொழியில் இதிலிருந்து இது வரை என்பதற்கு பிட்வீன் போட்டால் கடைசி நாள் சேருமா சேராதா. நெட்டில் கேட்டேன். மூன்று பேர் பதில் போட்டார்கள், மூன்று பேரும் ஒரே பதில்: சேரும், பிட்வீன் இரண்டு முனையையும் சேர்த்துக்கொள்ளும். நூறு சதவீதம் உண்மையும்கூட. நன்றி சொல்லிவிட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை இரண்டாம் தேதி கணக்குப்பிள்ளை தன் நோட்டோடு வந்தார். ரிப்போர்ட்டில் 11 லாரி இல்லை. எல்லாமே முப்பதாம் தேதி லாரி. ஒரே ஒரு முப்பதாம் தேதி லாரி மட்டும் இருக்கிறது, அது எப்படி என்று இரண்டு பேரும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டோம். பார்த்தால் அந்த ஒரு லாரியின் எடைச் சீட்டில் நேரம் பதிவாகவில்லை, வெறும் தேதி மட்டும் போய் உட்கார்ந்திருக்கிறது. விஷயம் என்னவென்றால் என் டேபிளில் தேதியோடு நேரமும் சேர்ந்து இருக்கும். "ஜூன் 30" என்று வெறுமனே கொடுத்தால் டேட்டாபேஸ் அதை முப்பதாம் தேதி நள்ளிரவு பூஜ்யம் மணி என்று எடுத்துக்கொள்ளும். அந்த முனையைச் சேர்த்துக்கொள்ளத்தான் செய்தது. அந்த ஒரு நொடியை. அதற்கப்புறம் காலை நாலு மணிக்கு வந்த லாரி எல்லாம் முனைக்கு வெளியே.

நான் "கடைசி நாள் சேருமா" என்று கேட்டேன், அவர்கள் "கடைசி மதிப்பு சேரும்" என்று பதில் சொன்னார்கள். எங்கள் டேபிளில் நேரமும் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் ஜூன் 1 அல்லது அதற்குப் பிறகு, ஜூலை 1க்கு முன்பு, இப்படித்தான் எழுதுகிறேன்.

நம் "வரை"யே அப்படித்தானே? கிருஷ்ணகிரி வரை டிக்கெட் என்றால் கிருஷ்ணகிரியும் சேர்த்தி. புதன்கிழமை வரை லீவு என்று ஸ்கூலில் இருந்து மெசேஜ் வந்தால் புதன்கிழமை பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் கட்டுவதா வேண்டாமா என்று அம்மாக்கள் குரூப்பில் நாற்பது மெசேஜ் ஓடும். பழைய பேசிக் மொழியில் 1 முதல் 10 என்று லூப் போட்டால் பத்தும் வரும், பைதானில் ரேஞ்சுக்கு 1, 10 கொடுத்தால் ஒன்பதோடு நின்றுவிடும். ஆளுக்கு ஒரு வரை.

தம்பி, கூச்சத்தைப் பற்றிக் கேட்டாயே. நானும் தமிழ் மீடியம்தான். "இதற்கு என்ன அர்த்தம்" என்று கேட்காதே, அது பரீட்சைக் கேள்வி மாதிரி இருக்கும், நமக்கும் கூசும். "நான் இதைச் செய்யப் போகிறேன்" என்று சொல். "இந்த கமிட்டைத் திருப்பி எடுக்கிறேன், சரிதானே?" என்று ஒரு வரி. புரியாமல் கேட்கிறவன் என்று யாரும் நினைக்க மாட்டார்கள், வேலையில் கவனமான பையன் என்றுதான் நினைப்பார்கள். தப்பாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.


கணினி_டீச்சர்:

அக்கா சொன்னதை நான் பிரிண்ட் எடுத்து லேபில் ஒட்டப் போகிறேன், அனுமதி கொடுங்கள்.

நேர்பேச்சு அவர்களுக்கு ஒரு விஷயம். இன்டர்நெட் எப்படி ஓட வேண்டும் என்று விதி எழுதுகிற ஐஇடிஎஃப்காரர்கள் எழுதுவது முழுக்க ஆங்கிலம். அப்படியும் மஸ்ட், ஷுட், மே என்ற சாதாரணச் சொற்களுக்கு என்ன பொருள் என்று தனியாக ஓர் ஆவணம் போட வேண்டி வந்தது. ஆர்எஃப்சி 2119, 1997 மார்ச். மஸ்ட் என்றால் கட்டாயம். ஷுட் என்றால் தகுந்த காரணம் இருந்தால் விடலாம், ஆனால் விட்டால் என்ன ஆகும் என்று முழுக்க யோசித்த பிறகே விட வேண்டும். மே என்றால் உங்கள் இஷ்டம். இதோடு முடிந்ததா? சின்ன எழுத்தில் எழுதினால் அதே பொருளா, பெரிய எழுத்தில் எழுதினால் மட்டுமா என்று குழப்பம் தொடர்ந்து, 2017இல் இன்னோர் ஆவணம், ஆர்எஃப்சி 8174, பெரிய எழுத்தில் இருந்தால் மட்டுமே அந்தப் பொருள் என்று சொல்லிற்று. ஒரு "ஷுட்"டுக்கு இருபது வருடம்! ஆங்கிலம் தெரியாதவர்களா அவர்கள்?

இதையே தமிழில் யோசித்துப் பாருங்கள். "செய்ய வேண்டும்" என்பதில் மஸ்டும் இருக்கிறது, ஷுடும் இருக்கிறது. "செய்யலாம்" அதைவிட மோசம். அனுமதி தருகிறாரா, யோசனை சொல்கிறாரா, வாருங்கள் சேர்ந்து செய்வோம் என்று கூப்பிடுகிறாரா என்று முகத்தைப் பார்த்தால்தான் தெரியும், எழுத்தில் முகம் இல்லை. "பார்க்கலாம்" என்று ஒருவர் ரிவ்யூவில் எழுதினால் அது பெரும்பாலும் முடியாது என்று அர்த்தம், நமக்குத் தெரியும், கூகுள் டிரான்ஸ்லேட்டுக்குத் தெரியாது.

ஆனால் ஓர் இடத்தில் தமிழ் ஆங்கிலத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். நாம், நாங்கள். ஒரு ஓப்பன் சோர்ஸ் புராஜெக்டில் என் மாணவி ஒரு பிழையைச் சொல்லி எழுதினாள். அங்கிருந்தவர் "வீ ஷுட் ஃபிக்ஸ் திஸ்" என்று பதில் போட்டார். அவர்கள் சரி பண்ணுவார்கள் என்று இவள் காத்திருந்தாள். இவளே ஒரு திருத்தம் அனுப்புவாள் என்று அவர்கள் காத்திருந்தார்கள். மூன்று வாரம் அந்தப் பக்கம் அசையவே இல்லை. தமிழாக இருந்திருந்தால் அவர் "நாங்கள் சரி செய்ய வேண்டும்" என்றோ "நாம் சரி செய்ய வேண்டும்" என்றோ ஏதாவது ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும், நழுவ முடியாது. நான் இப்போது பிள்ளைகளுக்குச் சொல்வது, வீ என்று பார்த்தால் மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார், நாமா நாங்களா என்று முடிவு பண்ண முடியாவிட்டால் கேட்டுவிடு என்பதுதான். ஃப்ரீ சாப்ட்வேரும் இதே கதை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் ஃப்ரீ சாப்ட்வேர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினதிலிருந்து இலவசம் என்று பொருள் இல்லை, சுதந்திரம் என்றுதான் பொருள் என்று விளக்கிக்கொண்டே இருக்கிறார். நாம் கட்டற்ற மென்பொருள் என்று வைத்துவிட்டுப் போய்விட்டோம், ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை.


தகடூர்_29:

டீச்சர், இன்னொன்றும் உண்டு, அதில் தமிழ்தான் காலை வாரும். அமெரிக்காவிலிருந்து ஒருவர் "டிட்ன்ட் தி பில்ட் பாஸ்?" என்று கேட்டார். பில்ட், அதாவது கோடை ஓடுகிற புரோகிராமாக்கிச் சோதிப்பது, பாஸ் ஆகலையா என்று கேட்கிறார், ஆமாம் ஆகலை, எனவே "யெஸ்" என்று போட்டேன். அவர் பாஸ் ஆகிவிட்டது என்று ரிலீஸ் பண்ணக் கிளம்பிவிட்டார். அதிலிருந்து யெஸ், நோ இரண்டையும் நான் எழுதுவதே இல்லை. பில்ட் விழுந்துவிட்டது, இந்த வரியில் விழுந்தது, அவ்வளவுதான் எழுதுவேன்.


பாலக்கோடு_பையன்:

"ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் கோட்" என்று ஒரு வெள்ளைக்காரருக்கு எழுதினேன், கேள்வி கேட்கத்தான். என் கோட் மேல் என்ன நம்பிக்கையில்லை உனக்கு என்கிற மாதிரி நாலு பத்தி பதில் வந்தது. கேட்க வந்த கேள்வியையே மறந்துவிட்டேன். 😅


நேர்பேச்சு:

டீச்சர் சொன்ன 2119 எனக்குத் தெரியாது. சரி, என் கருத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். கொஞ்சம்தான். "கார் சாவியை எடுப்பதற்கு முன் அலறியிருப்பார்" என்று தகடூர் சொன்னாரே, அதோடு எனக்குச் சம்மதம் இல்லை. வெள்ளி சாயந்திரம் ஆறு மணிக்கு கமென்ட் எழுதுகிற மேனேஜர் எதையும் படிக்க மாட்டார்.


ஓசூர்_பழைய_கை:

அதில் எனக்கும் சம்மதம்.

நடுவில் ஒரு உள்ளூர்க் கூத்து. எங்கள் பழைய டேட்டாவில் ஓசூர் முகவரி எல்லாம் மாவட்டம் தர்மபுரி என்று இருக்கும். ஒரு புதுப் பையன் அதை எல்லாம் பிழை என்று மார்க் பண்ணி, "டிஸ்ட்ரிக்ட் இஸ் ராங்" என்று முந்நூறு ரெக்கார்டுக்கு எழுதிவிட்டான். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9. அந்த ரெக்கார்டு எல்லாம் 2002. எழுதின அன்றைக்கு அது சரி. ராங் என்று சொல்லாதே, எந்தத் தேதிக்கு ராங் என்று சொல் என்றேன். பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.


காரிமங்கலத்துக்காரன்:

அண்ணா, அக்கா, டீச்சர், எல்லோருக்கும் நன்றி. ரிவர்ட்டை ரிவர்ட் பண்ணி சனிக்கிழமை ராத்திரியே ஏற்றிவிட்டார்கள், அதை எழுத மறந்துவிட்டேன். 63 பில்லையும் கடைக்காரரும் நானும் போனில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினோம், செவ்வாய் இரவு பதினொன்று ஆயிற்று. அவர் என்னைத் திட்டவே இல்லை, கடைசியில் சாப்பிட்டாயா தம்பி என்று கேட்டார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

நேற்று மேனேஜருக்கு எழுதினேன். அக்கா சொன்ன மாதிரியே. நடந்ததை வரிசையாக, ஆறு மணிக்கு நான் என்ன புரிந்துகொண்டேன், என்ன செய்தேன், "டன்" என்று மட்டும் எழுதியது என் தப்பு. கடைசியில் ஒரு யோசனையும் சேர்த்தேன்: கமிட்டுக்குக் கீழே எழுதும்போது பதில் வேண்டுமென்றால் ரிப்ளை என்றே எழுதலாமா, ரிவர்ட் என்ற சொல்லை கிட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று. அனுப்புவதற்கு முன் நாலு தடவை படித்தேன். "லாமா" இரண்டு தடவை வந்துவிட்டதே, டீச்சர் திட்டுவாரோ என்றும் தோன்றியது. ஆங்கிலத்தில்தான் அனுப்பினேன், கவலை வேண்டாம்.

இன்று காலை பதில் வந்தது. "குட் பாயின்ட். வில் டிஸ்கஸ் வித் தி டீம் அண்ட் ரிவர்ட் ஆன் மண்டே."


தகடூர்_29:

மெயின் பிராஞ்சில் அவருக்கு புஷ் பர்மிஷன் இருக்கிறதா என்று ஞாயிற்றுக்கிழமையே பார்த்து வைத்துக்கொள்.